காருக்கு மூக்கு வைத்த மார்கழி

எங்கள் அப்பாவுக்கு ஐப்பசி பிறந்தால் போதும், மங்கி குல்லா தலைக்கு ஏறிவிடும். தை முடிகிற வரைக்கும் இறங்காது. கடலூரில் என்ன பெரிய குளிர்? விடியற்காலையில் கொஞ்சம் பனி விழும், ஏழரை மணிக்கெல்லாம் வெயில் வந்து துடைத்துவிடும். ஆனால் பால் வாங்கக் கிளம்பும் அப்பாவைப் பார்த்தால் காஷ்மீர் எல்லைக்குக் காவலுக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். மெரூன் கலர் குல்லா, உச்சியில் ஒரு குஞ்சம், வெளியே தெரிவது கண்ணும் மூக்கும் மட்டும். பனி தலையில் இறங்கினால் சளி, சளி நெஞ்சில் இறங்கினால் ஆஸ்பத்திரி. இந்த விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய், நம்ம காருக்குக் குளிர்ந்த காற்றை உறிஞ்சி இழுக்கிற ஒரு சாமான் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? அப்பா டம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"மார்கழியில வர்ற குளுரு பத்தாதா பாப்பா? இதுல வண்டிக்கு வேற குளுர் காத்து குடுக்கணுமா?"

நான் விளக்கினேன். எனக்கு விளக்குவதென்றால் சோறு வேண்டாம். காரின் எஞ்சின் சும்மா பெட்ரோலை மட்டும் குடித்து ஓடுவதில்லை, காற்றையும் இழுக்கிறது. பானெட்டுக்குள் இருக்கும் காற்று எஞ்சின் சூட்டில் வெந்துபோன காற்று. வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்தால் அது அடர்த்தியாக இருக்கும், ஒரே மூச்சில் நிறைய காற்று உள்ளே போகும், பெட்ரோல் நன்றாக எரியும், வண்டி சும்மா பறக்கும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பா, "அப்போ இது வண்டிக்கு மூக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மூக்கு.

திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவுக்கு உரக்கடை. கார், கார்புரேட்டர் காலத்துச் சின்ன பெட்ரோல் வண்டி, வெள்ளை நிறம். ஒரு தடவை நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டியின் பின்னால் அப்பா போய்க்கொண்டிருந்தார். மாட்டு வண்டி நின்றது. அப்பா நிற்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த கரும்புக் கட்டு பானெட்டில் ஏறி ஒரு பள்ளம் போட்டது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்து சீட்டுக்கு மாறிவிட்டார். டிங்கரிங் செய்தும் அந்த பானெட் பழையபடி வரவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் நெம்பியை, அதாவது லிவரை, இழுத்தால் மட்டும் திறக்காது. இடது மூலையில் முஷ்டியால் இரண்டு குத்து, உடனே முழங்காலால் முன்பக்கம் ஒரு நெட்டு, அந்த நெட்டு விலகுவதற்குள் தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் மறுபடி பூட்டிக்கொள்ளும். எத்தனையோ மெக்கானிக்குகள் குத்திப் பார்த்துக் கையை உதறிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. "இந்த பானெட்டு நம்ம வூட்டு ஆளுங்க கைக்குத்தான் தெறக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். என்னமோ வங்கி லாக்கர் மாதிரி.

சரி, மூக்கு எங்கிருந்து வந்தது? வீட்டில் நான் சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. சிதம்பரத்தில் என்னோடு எம்.எஸ்ஸி. படித்த ஃப்ரெண்டின் அண்ணன் கார் சாமான்கள் விற்கிறார், அவர்தான் மாட்டிக் கொடுத்தார் என்று சொல்லியிருந்தேன். அந்த ஃப்ரெண்டுக்கு அண்ணன் கிடையாது. சொல்லப்போனால் அந்த ஃப்ரெண்டே கிடையாது.

நான் படித்த காலத்தில் அந்தப் பக்கம் ரயில் ஓடவில்லை. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டுக்கொண்டே இருந்தார்கள், போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே கடலூர் ஜனமும் சிதம்பரம் ஜனமும் ஒரே பஸ்ஸில்தான் நசுங்க வேண்டும். நின்றுகொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் பையைக் கொடுத்துவிடுவது வழக்கம், யார் எவர் என்று கேட்பதில்லை. அப்படி ஒரு நாள் ஒருவன் என் மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்தான். கனமான பை. ஆலப்பாக்கம் வருவதற்குள் என் துப்பட்டா முழுக்கக் கறுப்பு எண்ணெய். உள்ளே ஒரு பழைய கார்புரேட்டர். மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறவனாம், சொந்தமாகக் கழுவிப் பார்க்க எடுத்துப் போகிறானாம். நான் திட்டிய திட்டில் கண்டக்டரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பெட்ரோல் நனைத்துத் துடைத்தால் கறை போய்விடும் என்றான். போகவில்லை. துப்பட்டாவும் போயிற்று, நானும் போனேன்.

அவன்தான் இப்போது என் வீட்டுக்காரர், அதனால் இனிமேல் அவர் என்றே எழுதுகிறேன். படிப்பு முடிந்து புதுச்சேரியில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். என் பிறந்த நாளுக்கு ஒரு பெரிய டப்பா கொடுத்தார். ஊர் உலகத்தில் கம்மல் தருவார்கள், வாட்ச் தருவார்கள். நான் ஆசை ஆசையாகப் பிரித்தால் உள்ளே சிவப்பாகக் கூம்பு வடிவத்தில் ஒரு ஏர் ஃபில்டரும் வளைந்த ஒரு குழாயும். அரை நாள் பேசவில்லை. மீதி அரை நாளில் அதை மாட்ட எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கும் கார் பைத்தியம் உண்டே, என்ன செய்வது?

சர்டிபிகேட் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு காரைச் சிதம்பரத்துக்கு ஓட்டிப் போனேன். பஸ் ஸ்டாண்டு பின்னால் இருந்த ஒரு ஷெட்டில் அவரே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். முதலில் பானெட். குத்தினார், நெட்டினார், தூக்கினார், திறக்கவில்லை. மறுபடி குத்தினார். முஷ்டி சிவந்துவிட்டது. நான் திறந்து காட்டுகிறேன் என்றால் விடவில்லை, தானே திறக்க வேண்டுமாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று பானெட் வாயைப் பிளந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்ததும், கட்டினால் இவரைத்தான், இல்லாவிட்டால் சும்மா இருந்துவிடலாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஃபில்டரை ஹெட்லைட்டுக்குப் பின்னால், வெளிக்காற்று நேராக அடிக்கிற இடத்தில் உட்கார வைத்தார். வைத்துவிட்டு ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "இதை மட்டும் எதாலயும் மூடிடாத. மூடினா வண்டி மூச்சு முட்டிச் சாவும்." யார் மூடப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன்.

அப்போது கோடை. கத்திரி வெயிலில் வெளிக்காற்றே கொதித்தது, வண்டியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மார்கழி வரட்டும், அப்புறம் பார் என்றார். கோலம் போடவும் பொங்கல் சாப்பிடவும் மார்கழிக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. ஏர் ஃபில்டருக்காகக் காத்திருந்தவள் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்தது மார்கழி. ஒரு நாள் காலை, கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தெருவெல்லாம் கோலம். காரை எடுத்துக்கொண்டு கெடிலம் பாலம் தாண்டினேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். அடடா! அதுவரை தையல் மிஷின் போல ஓடிக்கொண்டிருந்த வண்டி அடித்தொண்டையில் ஒரு உறுமல் உறுமியது. மிதிக்க மிதிக்கக் காற்றை 'ஸ்ஸ்ஸ்' என்று உள்ளே இழுக்கிற சத்தம் காலடியில் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தனியாகக் காரில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். வேகம் உண்மையிலேயே கூடியதா, சத்தம் மட்டும்தானா என்று இப்போது கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பேன்.

அப்பாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. தினம் காலையில் பானெட்டைத் திறந்து தண்ணீர், ஆயில் பார்ப்பது அவர் வழக்கம். அப்படியே மூக்கையும் தொட்டுப் பார்ப்பார். ஜில்லென்று இருக்கும். முகம் வாடிவிடும். ஒரு நாள் பனி கொட்டிய காலையில் ஸ்டார்ட் செய்தபோது வண்டி இரண்டு முறை இருமி, கடைசியில் 'பட்' என்று ஒரு தும்மலும் போட்டது. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் அப்படித்தான். ஆனால் அப்பா குல்லாவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சளி புடிச்சிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதற்கு நடுவில் கல்யாணப் பேச்சு. சாதியும் ஒன்றுதான், வசதியும் ஒன்றுதான். தடை காதல் என்கிற ஒரே வார்த்தைதான். அவருடைய அப்பாவுக்குச் சிதம்பரம் மேல வீதியில் பாத்திரக்கடை. சகுனம் பார்க்காமல் செருப்புக்கூட மாட்டாத மனிதர். காதல் கீதல் என்று எவனாவது வந்தால் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று மூத்த மகன் காலத்திலேயே சட்டம் போட்டு வைத்திருந்தார். தை பிறந்ததும் இவருக்கு அத்தை பெண்ணைப் பேசி முடிப்பதாக வேறு ஏற்பாடு. என் அப்பாவும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவர் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் ஒரு திட்டம் போட்டோம். திருப்பாதிரிப்புலியூரில் இருந்த என் சித்தி மட்டும் கூட்டு. சித்தி ஒரு தரகரைப் பிடித்தார், தரகர் இவர் ஜாதகத்தை எங்கள் வீட்டுக்கும் என் ஜாதகத்தை இவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். ஜாதகம் நல்லவேளையாக நிஜமாகவே பொருந்திவிட்டது. அந்த நேரத்தில் தரகரைவிட நான்தான் அதிகம் ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் மார்கழியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்களே! நல்ல காரியம் எதுவும் பேசக் கூடாத மாதம். தை வரை பொறுத்தால் அத்தை பெண் முந்திவிடுவாள். அதற்கும் ஊரில் ஒரு வழி உண்டு. பெண் பார்க்கப் போவதில்லை, சாமி பார்க்கப் போகிறோம். போன இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வோம். பிடித்திருந்தால் தை முதல் தேதி தட்டு மாற்ற வருவார்கள், பிடிக்காவிட்டால் சாமியைத்தான் பார்த்தோம் என்று போய்விடுவார்கள். திருவாதிரைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, சிதம்பரம் கோயில் கீழ சன்னதி வாசல் என்று பேசினார்கள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் வந்துவிட வேண்டும் என்று அவருடைய அப்பா மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மயில் கழுத்துக் கலர் பட்டுப்புடவையில் இருந்தேன். அம்மா தலை நிறையப் பூ வைத்துவிட்டார். வெளியே வந்தால் அப்பா தலையில் குல்லா இல்லை, துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தார். எனக்கு ஆச்சரியம். குல்லா எங்கே என்று கேட்டேன். துவைக்கப் போட்டிருப்பதாகச் சொல்லி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அப்பா பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பார். சம்பந்தி வீட்டார் முன்னால் குல்லாவோடு நிற்க வெட்கப்படுகிறார் என்று நினைத்து, பாவம், மேலே கேட்காமல் விட்டேன்.

ஊருக்குள் மெதுவாகப் போகிற வரை ஒன்றும் தெரியவில்லை. பழைய டவுன் தாண்டி ரோடு காலியானதும் ஆசையாக மிதித்தேன். உறுமலைக் காணோம். பொத்திய வாய்க்குள் பேசுகிற மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். இன்னும் மிதித்தால் வண்டி முன்னுக்குப் போவதற்குப் பதில் இன்னும் மந்தமாகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஆலப்பாக்கம் தாண்டும்போது இரண்டாவது கியருக்கு மேல் போக முடியவில்லை. ஒரு கரும்பு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்து, ஏதாவது கயிறு கட்டி இழுக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். அம்மா மானம் போகிறது என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நிறுத்திப் பானெட்டைத் திறந்து பார்க்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை. பட்டுப்புடவையோடு எஞ்சினில் கை வைத்தால் கறுப்புக் கையோடு போய் நிற்பாயா என்று ஆரம்பித்துவிட்டார். அப்படியென்றால் அப்பா திறக்கட்டும் என்றேன். அம்மாவை விட அப்பா பலமாக மறுத்தார். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, ராகுகாலம் வந்துவிடும், நீ பாட்டுக்கு ஓட்டு, எதையும் திறக்க வேண்டாம் என்றார். சொல்லும்போது மூக்கைத் தேய்த்தார். எனக்கு இருந்த பதற்றத்தில் அதைக் கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை.

புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். எல்லா ஊரும் அன்றைக்கு ரொம்ப நிதானமாக வந்தன. பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களோடு சேர்ந்தே வந்தார், கொஞ்ச தூரம் பேச்சுத் துணையாகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு அழுகை முட்டியது. காரை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. இதே கார், இதே மூக்கு, போன வாரம்கூட எப்படிப் பாடிக்கொண்டு வந்தது! இன்றைக்குப் போய், என் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கிற இன்றைக்குப் போய், இப்படிக் கழுத்தறுக்கிறதே என்று சாமியையும் சேர்த்துத் திட்டினேன்.

கீழ வீதிக்குள் திரும்பியபோது பத்து மணி தாண்டியிருந்தது. கோபுரம் தெரிந்தது. பூக்கடை ஓரமாக அவரும் அவருடைய அம்மா அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, என்னை முன்பின் பார்த்திராத முகம். ரொம்ப நன்றாகப் பயிற்சி எடுத்திருந்தார். நான் அவர்கள் முன்னால் போய் நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் வண்டி தானாகவே நின்றுவிட்டது. கடைசியாக ஒரு குலுக்கு, பின்னால் ஒரு கறுப்பு மேகம். பூக்கடைக்காரம்மா புடவைத் தலைப்பால் பூவை மூடினார்.

இறங்கினோம். கை கூப்பினோம். அவருடைய அப்பா கை கூப்பவில்லை. புகையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் மனைவியிடம் மெல்லச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வரும்போதே வண்டி நின்னுபோச்சு. சகுனம் சரியில்ல. சாமிய கும்பிட்டுட்டுக் கெளம்பலாம்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அத்தை பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவள் கழுத்தில் மாலையோடு சிரிப்பது தெரிந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். பயிற்சி, பாவனை, திட்டம் எல்லாம் காற்றில் பறந்தது. விடுவிடுவென்று காரிடம் வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பார்க்காமலே நெம்பியை இழுத்தார். முன்னால் போனார். இடது மூலையில் முஷ்டியால் இரண்டு குத்து. முழங்காலால் ஒரு நெட்டு. பானெட் வெண்ணெய் மாதிரி திறந்தது.

உள்ளே, ஹெட்லைட்டுக்குப் பின்னால், எங்கள் மூக்கு மங்கி குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மெரூன் கலர், உச்சியில் குஞ்சம். காது வரை நன்றாக இழுத்துவிட்டு, கழுத்தில் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பனியிலும் ஈரத்திலும் நனைந்து கம்பளி ஃபில்டரோடு ஒட்டிப்போயிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபத்தில் தான் யார் என்பதை மறந்தேவிட்டார். "இதை மூடாதேன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அப்பா என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா முதலில் குல்லாவைப் பார்த்தார். அப்புறம் பானெட்டைப் பார்த்தார். அப்புறம் என் வீட்டுக்காரருடைய முஷ்டியைப் பார்த்தார். கடைசியாக என்னை. எனக்குப் பூமி பிளந்தால் காரோடு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதற்குள் பாத்திரக்கடைக்காரர் வந்துவிட்டார். அவர் புருவம் ஏறியிருந்தது. கைலாவகமாகத் திறந்ததை அவரும் பார்த்திருக்கிறார். முதல் முதலாகப் பார்க்கிற வண்டியை நீ எப்படிடா இப்படித் திறந்தாய் என்று மகனைக் கேட்டார். மகன், சர்வீஸ் சென்டரில் பழக்கம் என்று ஏதோ முணுமுணுத்தார். அதை அவரே நம்பியதாகத் தெரியவில்லை.

அப்பா முன்னால் வந்தார். நிதானமாகச் சணல் கயிற்றை அவிழ்த்தார். குல்லாவைக் குஞ்சத்தைப் பிடித்துத் தூக்கினார், கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

"இது என்னுதுங்க. பனியில வண்டிக்குச் சளி புடிக்குமேன்னு நான்தான் போட்டு வுட்டேன். வண்டி நின்னதுக்கு என் பொண்ணு காரணமில்ல" என்றார். பிறகு பானெட்டின் மேல் கையை வைத்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன். எத்தினியோ மெக்கானிக்கு குத்திப் பார்த்தாங்க, தெறக்கல. இது நம்ம வூட்டு ஆளுங்க கைக்குத்தாங்க தெறக்கும். ஒங்க புள்ள கை வெச்சதும் தெறந்துடுச்சு. நடராஜர் வாசல்ல இத வுடச் சகுனம் வேற இன்னா வேணும்?"

பூக்கடைக்காரம்மா "ஆமாங்க" என்றார், யாரும் கேட்காமலே.

பாத்திரக்கடைக்காரர் பானெட்டைப் பார்த்தார். மெல்ல மூடினார். நெம்பியை இழுக்கச் சொல்லி, தானும் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு குத்து. திறக்கவில்லை. கையை உதறிக்கொண்டே அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் எனக்கு உயிர் திரும்பியது. பிறகு அவர் பார்வை அப்பா கையில் சொட்டிக்கொண்டிருந்த குல்லாவுக்குப் போனது. வண்டிக்குச் சளி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவர் சிரித்ததும் எல்லாருக்கும் தைரியம் வந்தது, கீழ வீதியில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பில் சாமி பார்க்க வந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். ராகுகாலத்துக்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும் என்று அவர்தான் எங்களை அவசரப்படுத்தி அழைத்துப் போனார். சன்னதியில் நான் கண்ணை மூடி நின்றேன், என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகமில்லை. பக்கத்தில் பெட்ரோல் வாசனை அடித்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

திரும்பும்போது வண்டி உறுமியது. வெயில் ஏறிவிட்டது, காற்றில் குளிர் இல்லை, இருந்தாலும் மூக்கு திறந்த சந்தோஷத்தில் அது பறந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் அந்தச் சைக்கிள்காரர் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து பையன் நல்ல நிறம், கொஞ்சம் கூச்ச சுபாவம், நம்ம பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா ஈரக் குல்லாவை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக் காய வைத்துக்கொண்டு வந்தார். அவர் பேசாமல் வந்ததுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

ஆலப்பாக்கம் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, பத்திரிகை அடிச்சா, இந்த மூக்கு மாட்டிக் குடுத்தாரே உன் ஃப்ரெண்டோட அண்ணன், அவருக்கு ஒண்ணு வெக்கணுமா, வேணாமா?"

என் காது இரண்டும் சுட்டது. நான் ரோட்டைப் பார்த்தேன். பதில் சொன்னது அம்மாதான். கட்டாயம் வைக்க வேண்டும், முகம் தெரியாத பெண்ணுக்கு அவ்வளவு பாடுபட்டு மாட்டிக் கொடுத்த பிள்ளை, தபாலில் அனுப்பினால் நன்றாக இருக்காது, நேரில் கூப்பிட்டு மரியாதையாக உட்கார வைக்க வேண்டும் என்றார்.

"மரியாதைக்கு இன்னா கொறைச்சல்" என்றார் அப்பா. குல்லாவை உதறித் தலையில் மாட்டி, காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "மணவறையிலயே உக்கார வெச்சிடலாம்."

நான் காரை ஓரம் கட்டினேன். சிரிப்பிலும் அழுகையிலும் ரோடு தெரியவில்லை. அம்மா மட்டும், இப்போதுதானே நன்றாக ஓடியது, மறுபடி வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.